பாண்டியரின் ஆறாம் தம்பி

தமிழில் திறை என்னும் சொல் தோல்வியோடு சேர்ந்தே வழங்கி வந்துள்ளது. போரில் தோற்ற மன்னன் வென்றவனுக்கு ஆண்டுதோறும் அளந்து கொடுக்கும் பொருளே திறை என்று மெய்க்கீர்த்திகள் பழக்கியுள்ளதால், தமிழ் நாட்டு அரசர்கள் சீனப் பேரரசருக்குத் திறை அனுப்பினார்கள் என்று சீன வரலாற்று நூல்கள் குறிப்பிடும்போது தமிழ் வாசகருக்கு அது உறுத்துவது இயல்பு. ஆனால் சீனர்கள் அவ்விடங்களில் எழுதிய ‘கோங்’ என்னும் சொல்லுக்குப் போர்க்களத்தோடு பெரும்பாலும் தொடர்பில்லை. தொலைநாட்டு அரசன் ஒருவன் அரிய பொருள்களைத் தூதர் கையில் கொடுத்தனுப்பி, பேரரசரின் மேன்மையை ஒப்புக்கொண்டதாக ஒரு சடங்கு நடத்துவதும், பேரரசர் அதற்குக் கைம்மாறாகப் பட்டமும் பட்டும் காசும் வழங்குவதும், அந்தச் சடங்கின் நிழலில் இரு நாட்டுத் துறைமுகங்களிலும் வணிகக் கப்பல்கள் தடையின்றி வந்துபோவதும் சேர்ந்ததே அந்த முறை. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சோங் பேரரசின் அவைக்குச் சென்றன. கடைசிக் குழுவில் சென்ற 72 பேருக்குச் சீன அரசு கைம்மாறாக அளித்தது 81,800 சரம் செப்புக்காசு என்று சீனக் குறிப்புகள் கூறுகின்றன. ஒரு சரம் என்பது பெயரளவில் ஆயிரம் காசுகள் கோத்த மாலை. இவ்வளவு காசு கைக்கு வருமென்றால், அந்தத் திறையைச் செலுத்த எந்த வணிகனும் தயங்கியிருக்க மாட்டான்.

இத்தகைய தூதுகளில் சென்றவர்கள் பெரும்பாலும் பெயரளவிலேயே எஞ்சியிருக்கிறார்கள். சோழத் தூதர்களின் பெயர்கள் சீன ஒலிப்பில் உருக்குலைந்து, மூலப்பெயர் எதுவென்று அறிஞர்கள் இன்றும் வாதிடும் நிலையில் உள்ளன. அந்த வரிசையில் ஒரே ஒருவரின் வாழ்க்கை மட்டும் தந்தை, மனைவி, பதவி, மரண வயது ஆகியவற்றோடு ஓரளவு முழுமையாகக் கிடைக்கிறது. பிற்காலப் பாண்டியரின் காயல் துறைமுகத்தை மையமாகக் கொண்டு வாழ்ந்து, மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவையோடு பல ஆண்டுகள் தூதுறவு நடத்தி, இறுதியில் சீனாவுக்கே சென்று அங்கு உயர் பதவியில் இறந்த ஸய்யித் என்பவரே அவர். உலகம் அவரை அறிந்தது அவருடைய தந்தையின் பெயரால்தான். அந்தப் பெயர் அபூ அலி. சீன எழுத்துகளில் பு-அ-லி.

அவரைப் பற்றிய செய்திகள் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன. மங்கோலியரின் யுவான் அரச மரபு வீழ்ந்த பின் அடுத்த அரசு தொகுத்த ‘யுவான் வரலாறு’ முதலாவது. அவர் இறந்தபின் பேரரசரின் ஆணையால் லியூ மின்சோங் என்னும் அறிஞர் எழுதிய கல்லறைக் கல்வெட்டுப் பாடம் இரண்டாவது. கொரிய நாட்டு அரச வரலாறான ‘கொர்யோ வரலாறு’ மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டவை போலவே தோன்றுவதால், அவை ஒத்துப்போகும் இடங்களைவிட முரண்படும் இடங்களே அந்த மனிதரை அதிகம் காட்டிக்கொடுக்கின்றன.

13ஆம் நூற்றாண்டின் நடுவில் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் வடக்கே நெல்லூர் வரை சென்று வீராபிடேகம் செய்துகொண்டதிலிருந்து, பாலாற்றங்கரையில் இன்றைய வேலூர், ஆற்காட்டுப் பகுதிகளை ஆண்ட சம்புவராயர் போன்ற சிற்றரசர்கள் உட்படத் தமிழகத்தின் பெரும்பகுதி மதுரையின் மேலாண்மைக்கு வந்தது. 1268இல் ஆட்சிக்கு வந்த முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் அரசகுலத்தவர் பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு பகுதிகளில் முடிசூடி ஆண்டதால், அயல்நாட்டவர் அந்நாட்டை ‘ஐந்து உடன்பிறந்த மன்னர்களின் நாடு’ என்று எழுதினர். அரபியர் சோழமண்டலக் கரைக்கு இட்ட பெயர் மஅபர். கடந்து செல்லும் இடம், அதாவது ஏறக்குறைய நம் ‘துறை’ என்பதே அதன் பொருள். சீனர்கள் அதையே மா-பா-அர் என்று எழுதிக்கொண்டனர்.

அந்த நாட்டின் தலைவாசல் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலிருந்த காயல். மன்னார் வளைகுடாவின் முத்தும், அதற்கு ஈடாக அரபிக் கரையிலிருந்து வந்திறங்கிய குதிரையும் அத்துறைமுகத்தின் இரு தூண்கள். குதிரை தமிழ் நிலத்தின் தட்பவெப்பத்தில் சரியாக இனம்பெருகாததோடு, அதைப் பேணத் தெரிந்தவர்களும் குறைவாக இருந்தமையால், படைக்கு வேண்டிய குதிரைகளை ஆண்டுதோறும் புதிதாகவே வாங்க வேண்டியிருந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 தினார் செம்பொன் விலை பேசப்பட்டதாக எழுதுகிறார். கீஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் இந்த வணிகத்தை ஒப்பந்த அடிப்படையில் நடத்த, அவருடைய தம்பி தகியுத்தீன் பாண்டிய மன்னனின் அமைச்சராகவே இருந்தார். கடல்வணிகம் செய்த இஸ்லாமியர்களைத் தமிழ்க் கல்வெட்டுகள் ‘சோனகர்’ என்றும் அவர்களுடைய வணிகக் குழுவை ‘அஞ்சுவண்ணம்’ என்றும் குறிக்கின்றன. பவுத்திரமாணிக்கப் பட்டினம் என்று அன்று அழைக்கப்பட்ட பெரியபட்டினத்தில் ‘சோனகச் சாமந்தப் பள்ளி’ என்னும் பள்ளிவாசல் இருந்ததைத் திருப்புல்லாணிக் கோயில் கல்வெட்டு தெரிவிக்கிறது. சாமந்தன் என்பது அரசனுக்குக் கீழ்ப்பட்ட தலைவனுக்குரிய பட்டம். ஆக, ஒரு சோனகன் பாண்டிய அரசில் தலைவனாக இருப்பது அன்று வியப்புக்குரியதாக இல்லை.

அபூ அலியின் முன்னோர் ஓமான் கடற்கரையின் கல்ஹாத் நகரத்தவர். குதிரை ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற அத்துறைமுகத்திலிருந்து வணிகத்துக்காக மஅபர் கரைக்கு வந்து அங்கேயே குடியமர்ந்த குடும்பம் அது. மூத்த அபூ அலி பாண்டிய மன்னனின் அன்பைப் பெற்று, அரசகுலச் சகோதரர் ஐவருக்கு அடுத்தவராக எண்ணப்பட்டு, ‘ஆறாம் தம்பி’ என்றே அழைக்கப்பட்டதாகக் கல்லறைப் பாடம் கூறுகிறது. அதன் பின்னர் நாட்டின் வேறு சில பகுதிகளையும் நிருவகிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. செல்வம் பெருகி, பொன் இழைத்த தந்தக் கட்டில்களும் முந்நூறு பணிப்பெண்களும் கொண்ட மாளிகையில் அவர் வாழ்ந்தார் என்கிறது அதே பாடம். இரங்கற்பாடங்களில் எண்கள் சற்றுத் தாராளமாகவே வரும் என்பதை மனத்தில் வைத்து இந்த முந்நூறைப் படிப்பது நல்லது. தந்தை இறந்தபின் மகன் ஸய்யித் அதே இடத்துக்கு வந்தபோது, மன்னன் அவரையும் தந்தையின் பெயராலேயே அழைத்தமையால் சொந்தப் பெயர் வழக்கொழிந்தது. அது பாசத்தின் அடையாளம் என்று லியூ மின்சோங் கருதுகிறார். அதைவிட, ‘அபூ அலி’ என்பது அதற்குள் ஒரு மனிதரின் பெயராக இல்லாமல், துறைமுகத்தில் ஒரு வணிகக் குடும்பம் வகித்த இடத்தின் பெயராக மாறிவிட்டிருந்தது என்று கொள்வதே பொருந்தும்.

கடலின் மறுகரையில் 1279இல் சோங் பேரரசு முற்றிலும் அழிந்து சீனா முழுவதும் குப்லாய் கானின் ஆட்சிக்குள் வந்தது. புதிய அரசு கடல்வழி நாடுகளைப் பணியச் சொல்லி ஆணைகள் அனுப்பியது. மஅபரிலிருந்து அரிய பொருள்களோடு முதல் தூது அதே ஆண்டில் சென்றது. ‘யுவான் வரலாறு’ அயல்நாடுகளைப் பற்றிய பகுதியில், கடல்கடந்த நாடுகளுள் மஅபரும் கொல்லமுமே மற்றவற்றை வழிநடத்தத்தக்கவை என்றும், சுவான்சௌ துறைமுகத்திலிருந்து அங்குச் செல்ல ஏறக்குறைய ஒரு லட்சம் லி தொலைவு என்றும் எழுதுகிறது. லி என்பது அரைக் கிலோமீட்டரை ஒட்டிய அளவு. அப்படிக் கணக்கிட்டால் பூமியையே ஒரு சுற்றுக்கும் மேல் சுற்றி வர வேண்டும். நெடுந்தூரம் என்பதற்கு அந்த எண் ஓர் உருவகம், அவ்வளவே.

கொல்லத்தை அழைத்துப் பணியவைக்கும் பொறுப்பு யாங் திங்பி என்னும் அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1280இல் ஒருமுறை கொல்லம் சென்று திரும்பிய அவர், 1281இன் தொடக்கத்தில் ஹசார் ஹய்யா என்னும் மூத்த அலுவலரோடு சுவான்சௌவிலிருந்து மறுபடியும் கப்பலேறினார். மூன்று மாதம் கழித்து இலங்கையை அடைந்தபோது காற்று எதிராக மாறி, உணவும் குறைந்துவிட்டது. மஅபரில் இறங்கித் தரைவழியாகக் கொல்லம் செல்லலாம் என்று கப்பல் தலைவர் சொன்ன யோசனையை ஏற்று, அவ்வாண்டு நான்காம் மாதத்தில் ‘புதிய ஊர்’ என்று சீனப் பெயரால் குறிக்கப்படும் ஒரு துறையில் அவர்கள் கரையிறங்கினர். அங்கு அவர்களை எதிர்கொண்டவர் மாயின்தி என்னும் அமைச்சர். சுவான்சௌவுக்குச் செல்லும் எங்கள் கப்பல்களை உங்கள் அலுவலர்கள் நன்றாக நடத்துகிறார்கள் என்று முகமன் கூறிய அவர், கொல்லத்துக்குத் தரைவழி கேட்டபோது மட்டும் வழியில்லை என்று கைவிரித்துவிட்டார். அடுத்துச் சந்தித்த அமைச்சர் அபூ அலியும் அதே பதிலைச் சொன்னார். அந்த அபூ அலி நம் ஸய்யிதே என்பது ஆய்வாளர்களிடையே பரவலான கருத்து. அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியிருக்கும்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் அவ்விரு அமைச்சர்களும் தூதர்கள் தங்கியிருந்த விடுதிக்கு வந்தனர். சுற்றி நின்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் கூறிய செய்தியே இந்த வாழ்க்கையின் மையம். தாங்கள் மனதாரப் பேரரசரின் அடிமையாக இருக்க விரும்புவதாகவும், முன்னர் ஜமாலுத்தீன் என்னும் பெயர்கொண்ட ஒருவரைத் தங்கள் சார்பில் சீன அவைக்கு அனுப்பியதை ஓர் எழுத்தர் மன்னனிடம் காட்டிக்கொடுத்துவிட்டதாகவும், அதனால் சினந்த மன்னன் பொன், வெள்ளி, நிலம், குடும்பம் அனைத்தையும் பறித்துக்கொண்டு கொல்லவும் முற்பட்டதாகவும், பொய் சொல்லித் தப்பியதாகவும் அவர்கள் முறையிட்டனர். மன்னர் ஐவரும் இப்போது காயலில் கூடிக் கொல்லத்தின்மீது படையெடுக்க ஆலோசிக்கிறார்கள். சீனத் தூதர் வந்ததும் எங்கள் நாடு ஏழை நாடு என்று எல்லோரிடமும் சொல்லச் செய்திருக்கிறார்கள். அது பொய், இஸ்லாமிய நாடுகளில் புழங்கும் பொன்னும் முத்தும் மணியும் இங்கிருந்தே போகின்றன. மஅபர் பணிந்துவிட்டால் மற்ற நாடுகளுக்கு நாங்களே கடிதம் எழுதிப் பணியவைப்போம் என்பது அவர்கள் சொன்னதன் எஞ்சிய பகுதி. (மன்னனைச் சீன எழுத்தர் ‘சுல்தான்’ என்றே பதிவு செய்துள்ளார். மொழிபெயர்த்தவர் பாரசீகமோ அரபியோ பேசியதால், நெற்றியில் திருநீறு துலங்கிய பாண்டியன் சீன ஏட்டில் சுல்தானாகிவிட்டான்.)

இந்தச் சந்திப்பை நாட்டுக்குச் செய்த இரண்டகம் என்று எடுத்த எடுப்பில் தீர்ப்பளித்துவிடலாம். ஆனால் அபூ அலியின் குடும்பம் எதை நம்பிப் பிழைத்தது என்பதை எண்ணிப் பார்த்தால் தீர்ப்பு அவ்வளவு எளிதன்று. அவர்களுடைய கப்பல்கள் மேற்கே பாரசீக வளைகுடாவிலும் கிழக்கே சுவான்சௌவிலும் நின்றன. அவ்விரு முனைகளும் அப்போது மங்கோலியர் கைக்குப் போய்விட்டன. நடுவிலிருந்த காயலின் அரசன் மட்டுமே அந்த வலைக்கு வெளியே நின்றான். அரசனோ கொல்லத்தோடு போரிட எண்ணினான். கொல்லமும் சீனத்துக்குச் செல்லும் அதே வழியின் இன்னொரு துறைமுகம். வணிகர்-அமைச்சருக்குப் போர் என்பது கப்பல் நிற்கும் காலம். பாண்டியன் அரசியலில் சுதந்திரமாக இருக்க விரும்பினான். அபூ அலி கடல் திறந்திருக்க வேண்டும் என்று விரும்பினார். இரண்டும் ஒன்றாக இருந்தவரை ஆறாம் தம்பி அரசனின் தம்பியாக இருந்தார். அவை பிரிந்த நாளில் அவர் கடலின் பக்கம் நின்றார்.

அதே 1281ஆம் ஆண்டின் சித்திரை மாதத்தில், அதாவது யாங் திங்பி தமிழ்க் கரையில் இறங்கிய அதே வாரங்களில், சுவான்சௌ நகரில் தமிழர் ஒருவர் சிவனுக்குக் கோயில் எடுத்திருந்தார். சக ஆண்டு 1203 எனக் காலம் குறிக்கும் அந்தத் தமிழ்க் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசை கானின் ஆணையைப் பெற்று, அவருடைய உடல்நலத்துக்காகத் திருக்கதலீசுவரம் என்னும் திருக்கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. செகசை கான் என்பது குப்லாயின் மங்கோலியப் பட்டமான சேச்சன் கான் என்பதன் தமிழ் வடிவம். அக்கோயிலின் தூண்களும் சிற்பங்களும் பின்னர் பிரிக்கப்பட்டுப் பல இடங்களில் சிதறின. சில இன்றும் அந்நகரின் கையுவான் பௌத்த விகாரத்தில் பொருத்தப்பட்டுள்ளன. காயலில் இஸ்லாமிய அமைச்சர் ஒருவர் விடிவதற்குள் இரகசியமாகச் சொல்ல வேண்டியிருந்த விசுவாசத்தை, சுவான்சௌவில் சைவ வணிகர் ஒருவர் கல்லில் வெட்டி வைத்தார். சமயம் வேறு, தேவை ஒன்றே.

கொல்லத்துக்குச் செல்ல முடியாமல் அவ்வாண்டு சீனத் தூதர்கள் திரும்பினாலும், காயலிலிருந்து சீனத்துக்குத் தூதும் பொருளும் செல்வது நிற்கவில்லை. தாமே தம் செலவில் ஆண்டுதோறும் அபூ அலி அரிய பொருள்களை அனுப்பிவந்ததாகக் கல்லறைப் பாடம் சொல்கிறது. 1286இல் மஅபர் உட்படப் பத்து நாடுகள் திறை அனுப்பியதாக ‘யுவான் வரலாறு’ பட்டியலிடுகிறது. 1287இல் மஅபரிலிருந்து வந்த விலங்கு ஒன்று கோவேறு கழுதை போன்றது, ஆனால் பெரியது, கறுப்பும் வெள்ளையும் கலந்த மயிர் கொண்டது என்று அதே நூல் வருணிக்கிறது. பின்னர் ‘பூக்கழுதை’ இரண்டும் வந்தன. அவை வரிக்குதிரைகளாகவே இருக்க வேண்டும். தமிழகத்துக் காட்டில் வரிக்குதிரை ஏது? ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏடன் அல்லது ஹோர்முஸ் வழியாகக் காயலுக்கு வந்து, அங்கிருந்து மறுகப்பல் ஏறிச் சீனப் பேரரசரின் தோட்டத்தை அடைந்த விலங்குகள் அவை. அந்தத் திறைப்பட்டியல் மஅபரின் விளைபொருள்களைக் காட்டிலும் மஅபர் வணிகரின் கை எவ்வளவு தொலைவுக்கு நீண்டது என்பதையே காட்டுகிறது. ஒரு வகையில் இத்திறை வணிக மாதிரி போன்றது: ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலணி ஏற்றுமதி செய்வோர் பெரிய ஆர்டருக்கு முன் வெளிநாட்டுக்குச் சாம்பிள் ஜோடி அனுப்புவார்கள். அது இலவசம்தான், ஆனால் அதில் கணக்கில்லை என்று யாரும் எண்ணுவதில்லை.

சீனத் தரப்பிலிருந்தும் ஆட்கள் வந்தவண்ணம் இருந்தனர். 1285இல் அரும்பொருள்கள் வாங்குவதற்காக இருவர் ஆயிரம் திங் மதிப்புள்ள காகிதப் பணத்தோடு மஅபருக்கு அனுப்பப்பட்டனர். திங் என்பது ஐம்பது சரம் காசுக்கு ஈடான கணக்குப் பணம். சீனத்தின் காகிதத்தைக் கொடுத்துக் காயலின் முத்தை வாங்க வேண்டுமென்றால், அந்தக் காகிதத்தை மறுபடியும் சுவான்சௌவில் செலவழிக்கக்கூடிய வணிகர்கள் காயலில் இருந்தாக வேண்டும். இருந்திருக்கிறார்கள் என்பதே அந்தச் செய்தியின் உட்பொருள். 1290இல் வித்தைகளிலும் கைத்திறன்களிலும் வல்லவர்களைத் தேடி இன்னொரு குழு வந்தது.

அபூ அலியின் உறவு குப்லாயோடு முடிந்துவிடவில்லை. ஈரானை ஆண்ட மங்கோலியக் கிளையின் அபாகா, காசான் என்று கருதப்படும் அரசகுலத்தவர் இருவரோடும் அவர் நட்புப் பேணினார். சீனாவுக்கும் ஈரானுக்கும் நடுவே நடு ஆசியாவில் மங்கோலிய இளவரசர்களின் உள்நாட்டுப் போர் மூண்டு தரைவழி அடைபட்டிருந்த காலம் அது. ஆகவே இரு அவைகளுக்கும் இடையே தூதர்கள் கடல்வழியாகவே சென்றனர். அவர்கள் காயல் கரையைத் தொடும்போதெல்லாம் அபூ அலி முன்கூட்டியே கப்பல் ஆயத்தம் செய்து வைத்து, கடந்து செல்லும் வரை உடனிருந்து கவனித்தார் என்று கல்லறைப் பாடம் புகழ்கிறது. மஅபர் என்ற சொல்லின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடையாது.

இந்த இடத்தில் அதே சீன அவைக்குப் பின்னாளில் திறை அனுப்பிய இன்னொரு சிறு நாட்டை எண்ணிப் பார்ப்பது பயன் தரும். இன்றைய ஜப்பானின் தென்கோடியிலுள்ள ரியூக்யூ தீவுகளின் அரசு 1372இல் மிங் பேரரசோடு திறை உறவைத் தொடங்கி, 1879இல் ஜப்பான் அதை இணைத்துக்கொள்ளும் காலம் வரை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் நடத்தியது. அதற்கென்றே குமே என்னும் குடியிருப்பில் சீன வழித்தோன்றல்களான குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சீன மொழியும் கன்பூசிய நூல்களும் கற்று, தூதர்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் பணியாற்றின. 1663இல் பிறந்து 1734இல் மறைந்த தெய் ஜுன்சோகு அவர்களுள் புகழ்பெற்றவர். அவர்களுடைய கப்பல்கள் முதலில் சென்ற துறைமுகமும் சுவான்சௌவே. ரியூக்யூ தூதுறவை ஓர் அரசுப் படிப்பாக்கியது. பாண்டியரோ அதை வணிகக் குடும்பங்களிடம் விட்டுவிட்டனர். சீனத்தைப் பற்றி மதுரை அறிந்தது அபூ அலி சொன்ன அளவு மட்டுமே. தன் கடல் உறவுகளையெல்லாம் ஒரு குடும்பத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு, அந்தக் குடும்பம் தனியே தூது அனுப்பியதும் சினந்தெழுந்த பாண்டியனின் கோபத்தில் நியாயம் உண்டு, முன்யோசனை இல்லை.

1291இல் குப்லாய் முத்திரையிட்ட ஆணையோடு அலுவலர்களை அனுப்பி அபூ அலியை அழைத்தார். மனைவி மக்களையும் சுற்றத்தையும் சொத்தையும் விட்டுவிட்டு, நூறு பேரை மட்டும் அழைத்துக்கொண்டு அவர் தூதர்களோடு கப்பலேறினார். அறம் நிறைந்த பேரரசரைத் தேடிச் சென்ற விசுவாசி என்று கல்லறைப் பாடம் இதை எழுத, தன் அரசனோடு பகை ஏற்பட்டதால் ஓடிவந்தவர் என்று ‘கொர்யோ வரலாறு’ ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன்னரே சொத்துப் பறிப்பும் கொலை மிரட்டலும் நடந்திருப்பதைப் பார்த்தால், கொரியர் கேட்ட செய்தியே உண்மைக்கு அருகில் இருக்க வேண்டும். ஆனாலும் நூறு பேரோடு ஒருவர் இரவோடிரவாக ஓடுவது எளிதன்று. ஏறக்குறைய அதே நேரத்தில் எதிர்த்திசையில் சுவான்சௌவிலிருந்து ஈரானுக்கு இளவரசி ஒருத்தியை அழைத்துச் சென்ற கப்பல்களில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இருந்தார். மஅபரைப் பற்றியும் ஐந்து மன்னர்களைப் பற்றியும் காயலில் வந்திறங்கும் குதிரைகளைப் பற்றியும் அவர் விரிவாக எழுதினார். அபூ அலி அந்த நூலில் இல்லை.

சீனாவில் குப்லாய் அவருக்குப் பட்டாடையும் மாளிகையும் ஒரு மனைவியையும் அளித்தார். அந்தப் பெண் கொரியாவின் சே இன்-கியு என்பவரின் மகள். கொரிய அரசன் அவளை முன்னர் குப்லாயின் முதலமைச்சர் சங்காவுக்கு அளித்திருந்தான். பொருளாதார ஊழல் குற்றச்சாட்டில் சங்கா 1291இல் கொல்லப்பட்டபின், அவள் புதிதாக வந்திறங்கிய மஅபர் பிரமுகருக்கு வழங்கப்பட்டாள். ஓர் அரசியல் வீழ்ச்சியில் எஞ்சியவளையும் இன்னொரு வீழ்ச்சியிலிருந்து தப்பியவரையும் பேரரசு இவ்வாறு ஒரே வீட்டில் குடிவைத்தது. அவளுடைய விருப்பத்தை எந்த ஏடும் பதிவு செய்யவில்லை. ஆயினும் 1298இல், அவளை முன்னிட்டே, சுவான்சௌவில் வாழ்ந்த ‘மஅபர் இளவரசர்’ கொரிய அரசனுக்கு ஆள் அனுப்பி அன்பளிப்புகள் அளித்ததைக் ‘கொர்யோ வரலாறு’ குறித்துவைத்தது: வெள்ளியிழைத் தொப்பி, பொற்சரிகைக் கைத்துணி, 5 சின்னுக்கும் சற்று மேற்பட்ட எடையுள்ள அகிற்கட்டை, நாட்டுத்துணி இரண்டு சுருள். சின் என்பது அரைக் கிலோவுக்கும் கூடுதலான எடை. மாமனார் வீட்டு நாட்டின் அரசனுக்குக்கூட அவர் திறை அனுப்பும் முறையிலேயே பரிசனுப்பினார், கை பழகிவிட்டது. அவரை இளவரசர் என்று கொரியர் கருதியதற்கு ஆறாம் தம்பி என்ற பழைய அழைப்பு ஏதேனும் ஒரு வடிவில் அவரோடு கடல் கடந்து வந்திருக்க வேண்டும்.

1294இல் குப்லாய் இறந்து அவருடைய பேரன் தெமுர் அரியணை ஏறியபின், அபூ அலிக்கு மைய அரசின் வலது துணையமைச்சர் என்ற உயர் பட்டமும், சுவான்சௌ அடங்கிய ஃபூஜியன் மாகாண நிருவாகத்தில் கலந்தாலோசிக்கும் பொறுப்பும் கிடைத்தன. இந்தப் பதவியை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. சோங் காலத்தில் சுவான்சௌவின் கப்பல் வணிகத்தைக் கண்காணித்த இஸ்லாமியரான பூ ஷௌகெங் மங்கோலியர் பக்கம் மாறியதால்தான் அத்துறைமுகம் சிதையாமல் அவர்கள் கைக்கு வந்தது. கடலை அறிந்த வணிகர்களைப் பட்டம் கொடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்வதில் யுவான் அரசு தெளிவாக இருந்தது. அபூ அலி அந்த வரிசையில் வந்தவர்.

1299இல் பேரரசர் அழைப்பின்பேரில் இன்றைய பெய்ஜிங்கான தலைநகர் சென்றிருந்தபோது அபூ அலி நோயுற்று இறந்தார். சீன வழக்கப்படி எண்ணிய வயது 49. அரசு அவருடைய குடும்பத்துக்கு 25,000 சரம் மதிப்புள்ள காகிதப் பணம் அளித்து, அரசு அஞ்சல் நிலையங்களின் வழியாக உடலைச் சுவான்சௌவுக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தது. இறப்புக்குப்பின் கோமகன் பட்டமும் வழங்கியது. லியூ மின்சோங் எழுதிய பாடத்தின் தலைப்பிலும் அந்தப் பட்டம் இடம்பெறுகிறது. கல்ஹாத்தில் முன்னோர், காயலில் தந்தை, கொரியப் பெண்ணோடு இல்லறம், மங்கோலியப் பேரரசில் பதவி, சுவான்சௌவில் கல்லறை என்று அமைந்த அந்த வாழ்வைச் சீன இலக்கிய நடையில் எழுதி முடிக்க அவருக்குச் சில பக்கங்களே தேவைப்பட்டன.

காயலில் அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. குலசேகரனின் மறைவை ஒட்டி அவனுடைய மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காகப் போரிட்டனர். 1311இல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை மதுரையை அடைந்தது. ஆறு கொண்டுவந்த மணலால் கடல் பின்வாங்கி, துறைமுகம் இருந்த இடம் பழைய காயல் என்னும் சிற்றூராக உள்நாட்டுக்குள் ஒதுங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்குச் சென்று பார்த்தபோது, பல தரத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் வயல்வெளியில் மேற்பரப்பிலேயே கிடந்தன. குனிந்து பொறுக்கிக்கொள்வதே போதுமாக இருந்தது.